கேட்டு வந்த வழி

மேற்கு என்ற சொல்லுக்குள் ஒரு மலை நிற்கிறது. மேல் என்பதிலிருந்து மேற்கு, கீழ் என்பதிலிருந்து கிழக்கு. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்த மழை சரிந்து இறங்கி வங்கக் கடலைச் சேரும் நிலத்தில் வாழ்ந்தவர்கள், நிலம் ஏறுகிற பக்கத்துக்கும் இறங்குகிற பக்கத்துக்கும் வைத்த பெயர்கள் அவை என்பது மொழியியலாளர் தரும் விளக்கம். மலை கிழக்கே நிமிர்ந்து நிற்கும் கேரளத்திலும் அந்தத் திசைக்குக் 'கிழக்கு' என்றே பெயர் இருப்பதை 19-ஆம் நூற்றாண்டிலேயே கால்டுவெல் எடுத்துக்காட்டினார். மலைக்கு அந்தப் பக்கம் குடியேறிய பிறகும் சொல் தன் பழைய சரிவை மறக்கவில்லை.

மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதிகள். அவற்றுக்கு வெளியே ஆவணி மூல வீதிகள். அவற்றுக்கும் வெளியே மாசி வீதிகள். 'கீழமாசி வீதி' என்று ஒருவர் சொன்னால் கோயிலிலிருந்து எந்தத் திசை, எத்தனையாவது சுற்று என்ற இரண்டும் அந்தப் பெயரிலேயே தெரிந்துவிடும். கிராமங்களில் இது இன்னும் ஆழமாகப் போகும். "வடக்குச் செவுத்துல மாட்டியிருக்கு, எடுத்துக்க" என்பார்கள். "கொஞ்சம் கெழக்கால தள்ளி உக்காரு" என்பார்கள். என் பாட்டி முதன்முறை எங்கள் சென்னை வீட்டுக்கு வந்தபோது, பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "இங்க எது கெழக்கு?" அது தெரியாமல் அவரால் அந்த வீட்டில் உட்கார முடியவில்லை. எங்களில் யாருக்கும் உடனே பதில் சொல்லத் தெரியவில்லை.

பாட்டியின் இந்தத் தவிப்பை ஓர் ஆய்வாளர் எனக்குப் புரியவைத்தார். நெதர்லாந்தின் நைமேகன் நகரில் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனம் இருக்கிறது. அங்கே பணியாற்றிய எரிக் பெடர்சன் 1990-களில் தமிழ்நாட்டுக்கு வந்து, ஒரே மொழி பேசும் இரண்டு கூட்டத்தாரை ஒப்பிட்டார். நகரத்தார் பெரும்பாலும் இடது, வலது என்று சொன்னார்கள். கிராமத்தார் வடக்கு, தெற்கு என்றே சொன்னார்கள். இவ்வகை ஆய்வில் ஒரு சோதனை வைப்பார்கள். மேசை மேல் சில பொருள்களை வரிசையாக வைத்துக் காட்டுவார்கள். பிறகு ஆளை முழுக்கத் திருப்பி நிறுத்தி, எதிர்ப்பக்க மேசையில் அதே வரிசையை அடுக்கச் சொல்வார்கள். வரிசையின் தலை வலக்கைப் பக்கம் என்று மனத்தில் பதித்தவர் மறுபடியும் வலக்கைப் பக்கமே வைப்பார். தலை வடக்கே என்று பதித்தவர், திரும்பி நின்ற பின்னும் வடக்கிலேயே வைப்பார். இப்போது அது அவருடைய இடக்கைப் பக்கமாக இருந்தாலும் சரி. திசை சொல்லிப் பேசுகிறவர்களுக்கு, வாய் திறக்காமல் செய்யும் வேலையிலும் திசையையே பிடித்துக்கொள்ளும் போக்கு இருப்பதைப் பெடர்சன் 1995-இல் வெளியிட்டார்.

அப்படியொரு பேச்சைப் பேச வேண்டுமானால், நின்றாலும் நடந்தாலும் எந்தப் பக்கம் வடக்கு என்ற கணக்கு மனத்துக்குள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கணக்கை எழுதும் இடம் மூளையில் இருக்கிறது.

மூளையின் இரு பக்கமும், காதுக்கு உட்புறமாகச் சற்று ஆழத்தில், கடற்குதிரை போல் வளைந்த ஒரு பகுதி உண்டு. பெயர் ஹிப்போகேம்பஸ். 1971-இல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் ஜான் ஓகீஃப், எலிகளின் ஹிப்போகேம்பஸில் மெல்லிய மின்முனைகளைப் பொருத்திக் கேட்டுக்கொண்டிருந்தார். எலி அறையின் ஒரு குறிப்பிட்ட மூலைக்கு வரும்போது மட்டும் ஒரு செல் துடித்தது. வேறிடத்துக்கு நகர்ந்தால் அது அடங்கி, வேறொன்று துடித்தது. இந்தச் செல்களுக்கு 'இடச் செல்கள்' என்று பெயர். 1984-இல் ஜேம்ஸ் ராங்க் இன்னொரு வகையைக் கண்டார்: எலி எங்கே நின்றாலும் அதன் தலை ஒரே திசையை நோக்கினால் துடிக்கும் செல். பாட்டி கேட்ட கேள்விக்கு விடை வைத்திருக்கும் செல் என்று இதை நினைக்க எனக்குப் பிடிக்கும்.

மூன்றாவது கண்டுபிடிப்புதான் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது. நார்வேயின் ட்ரான்ட்ஹைம் நகரில் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் இருவரும் ஹிப்போகேம்பஸுக்கு அடுத்த பகுதியில் ஒரு செல்லைக் கவனித்தார்கள். எலி அறையில் ஓடியபோது அது ஓரிடத்தில் மட்டும் துடிக்காமல் பல இடங்களில் துடித்தது. அந்த இடங்களைப் புள்ளிகளாகக் குறித்துப் பார்த்தால், தரை முழுக்கச் சம பக்க முக்கோணங்களாக ஒரே சீரான இடைவெளியில் விரிந்த புள்ளிகள். மார்கழி விடியலில் வாசலில் வைக்கும் ஊடுபுள்ளிக் கோலத்தின் புள்ளிகள் அப்படித்தான் இருக்கும். அறையின் தரையில் யாரும் எந்தப் புள்ளியும் வைக்கவில்லை. மூளை தானே புள்ளி வைத்து நிலத்தை அளந்துகொள்கிறது. 2005-இல் வெளிவந்தது இது. 2014-இல் ஓகீஃபுக்கும் மோசர் இணையருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கோலம் போடப் போட வளருமா? லண்டனின் கறுப்பு டாக்ஸி ஓட்டுநர்கள் அதற்குப் பதில் தந்தார்கள். அங்கே டாக்ஸி உரிமம் வேண்டுமென்றால் 'தி நாலெட்ஜ்' என்ற தேர்வில் தேற வேண்டும். 1865-இல் தொடங்கிய தேர்வு. சேரிங் கிராஸிலிருந்து ஆறு மைல் தொலைவுக்குள் சுமார் 25,000 தெருக்கள் மனப்பாடமாக வேண்டும். படிக்கிறவர்கள் சின்ன மோட்டார் வண்டியில், முன்னால் வரைபடத்தை மாட்டிக்கொண்டு, மழையிலும் குளிரிலும் மூன்று நான்கு ஆண்டுகள் தெருத்தெருவாகச் சுற்றுவார்கள். தேர்வின் முக்கியப் பகுதி வாய்மொழி. தேர்வாளர் இரண்டு இடங்களைச் சொல்வார். எதிரில் இருப்பவர் எந்தத் தெரு, எந்தத் திருப்பம் என்று வழி முழுவதையும் வாயால் சொல்லிப் போக வேண்டும்.

எலினார் மகுவயர் என்ற ஆய்வாளர் 2000-இல் 16 ஓட்டுநர்களின் மூளையை ஸ்கேன் செய்தார். மற்றவர்களைவிட அவர்களுடைய ஹிப்போகேம்பஸின் பின்பகுதி பெரிதாக இருந்தது. ஓட்டிய ஆண்டுகள் கூடக் கூட அதுவும் பெரிதாக இருந்தது. பிறவியிலேயே அப்படி அமைந்தவர்கள்தான் இந்த வேலைக்கு வருகிறார்களோ என்று சந்தேகம் எழுவது நியாயம். அதைத் தீர்க்க அவரும் கேத்தரின் வூலட்டும் படிப்பு தொடங்கும்போதே 79 பேரை ஸ்கேன் செய்தார்கள். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் 39 பேர் தேறியிருந்தார்கள். வளர்ச்சி அந்தத் தேறியவர்களிடம் மட்டுமே தெரிந்தது. தினமும் ஒரே தடத்தில் ஓட்டும் லண்டன் பஸ் ஓட்டுநர்களிடம், வேறோர் ஆய்வில், பின்பகுதி அப்படிப் பெரிதாக இல்லை. டாக்ஸிக்காரர்கள் இதற்கு ஒரு விலையும் கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்: ஹிப்போகேம்பஸின் முன்பகுதி அவர்களுக்குச் சற்றுச் சிறுத்திருந்தது, புதிய உருவங்களை நினைவில் வைக்கும் சில சோதனைகளில் பின்தங்கினார்கள்.

இப்போது கையில் இருக்கும் போனுக்கு வருவோம். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் அணுக் கடிகாரங்களைச் சுமந்துகொண்டு சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் 'நான் இங்கே இருக்கிறேன், இப்போது மணி இது' என்று சொல்லிக்கொண்டே போகிறது. போன் அதைக் கேட்கிறது. நான்கு செயற்கைக்கோள்களின் குரல் எவ்வளவு தாமதமாக வந்தது என்று கணக்கிட்டுத் தன் இடத்தை அறிகிறது. ஒளி ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கில் 300 மீட்டர் போய்விடும் என்பதால், கடிகாரம் இம்மி பிசகினாலும் நாம் வேறு தெருவில் இருப்போம். அந்த உயரத்தில் ஈர்ப்பு குறைவு, வேகமோ அதிகம். இரண்டும் சேர்ந்து அங்குள்ள கடிகாரத்தை நாளொன்றுக்கு 38 மைக்ரோ விநாடி முந்தி ஓடச் செய்யும். ஐன்ஸ்டைனின் சமன்பாட்டைக் கொண்டு அதைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் 10 கிலோமீட்டர் அளவுக்குப் பிழை சேரும். பொதுமக்களுக்கு வரும் குறிகளை அமெரிக்க ராணுவம் முன்பு வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்தது. 2000-ஆம் ஆண்டு மே மாதம் அதை நிறுத்தினார்கள். நம் போனில் துடிக்கும் நீலப் புள்ளியைச் சாத்தியமாக்கிய துல்லியத்துக்கு வயது அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் புள்ளி நடந்துகொள்ளும் விதத்தைக் கவனியுங்கள். நாம் திரும்பினால் அது திரும்பாது. வரைபடம் முழுவதும் சுழன்று நமக்கு எதிரே இருப்பதை மேலே கொண்டுவந்து வைக்கும். வடக்கு என்ற ஒன்று அங்கே தேவையே இல்லை. "200 மீட்டரில் வலதுபுறம் திரும்பவும்" என்று குரல் வருகிறது. திரும்புகிறோம். பாட்டியின் மொழியில் உலகம் அசையாமல் நின்றது, மனிதர் அதற்குள் நடந்தார். போனில் நாம் அசையாமல் நிற்கிறோம், உலகம் நம்மைச் சுற்றிச் சுழல்கிறது.

அப்போது மூளை என்ன செய்கிறது என்பதையும் பார்த்திருக்கிறார்கள். லண்டனில் ஹியூகோ ஸ்பையர்ஸ் குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வு அது. 24 பேரை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, சோஹோ பகுதியின் தெருக்களைப் படமாகக் காட்டி வழி கண்டுபிடிக்கச் சொன்னார்கள். அவர்கள் தாமே வழி தேடியபோது, ஒவ்வொரு புதுத் தெருவில் நுழையும்போதும் ஹிப்போகேம்பஸில் இயக்கம் எழும்பியது. பல தெருக்கள் பிரியும் இடத்தில் அது இன்னும் எழும்பியது; நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதியும் அடுத்து எதைத் தேர்வது என்று வேலை செய்தது. யாரோ சொல்லச் சொல்லத் திரும்பியபோது அந்த எழுச்சி இல்லை. அதே தெருக்கள், அதே முச்சந்திகள், ஆனால் மூளைக்கு அங்கே தெரு பிரிந்ததே தெரியவில்லை.

மான்ட்ரியாலில் லூயிசா தஹ்மானியும் வெரோனிக் போபோவும் 50 ஓட்டுநர்களைச் சோதித்தார்கள். வாழ்நாளில் ஜி.பி.எஸ்.ஸை அதிகம் நம்பியவர்கள், அது இல்லாமல் வழி காண வேண்டிய சோதனைகளில் பின்தங்கினார்கள். மூன்று ஆண்டு கழித்து 13 பேரை மறுபடி பார்த்தபோது, இடைக்காலத்தில் அதிகம் பயன்படுத்தியவர்களின் இட நினைவு வேகமாகச் சரிந்திருந்தது. 13 பேர் என்பது சிறு எண்ணிக்கை. இதை வைத்து யாரையும் பயமுறுத்தக் கூடாது. 2024-இல் பி.எம்.ஜே. இதழில் வந்த ஓர் அமெரிக்க ஆய்வையும் அதே எச்சரிக்கையோடு சொல்கிறேன். 443 தொழில்களில் இருந்து இறந்தவர்களை ஒப்பிட்டதில், டாக்ஸி, ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களிடையே அல்சைமரால் இறந்தவர்கள் மிகக் குறைவு. தடம் மாறாத பஸ் ஓட்டுநர்களிடமும் விமானிகளிடமும் அந்தக் குறைவு இல்லை. இதுதான் காரணம் என்று முடிவு கட்ட முடியாது என்று ஆய்வாளர்களே சொல்லிவிட்டார்கள். ஆனால் அல்சைமர் முதலில் தாக்கும் இடங்களில் ஒன்று, மோசர் இணையர் அந்தக் கோலத்தைக் கண்ட பகுதி. பழகிய தெருவில் வழி தடுமாறுவது அந்நோயின் தொடக்க அடையாளங்களில் ஒன்று.

வடகனடாவில் இக்லூலிக் என்ற தீவில் இனுயிட் வேட்டைக்காரர்கள் வாழ்கிறார்கள். கண்ணுக்கு எட்டிய வரை வெண்மை. அதில் அவர்கள் வழி காண்பது பனியின் மேல் காற்று செதுக்கிய வரிகளைப் பார்த்து. ஆண்டுதோறும் ஒரே பக்கத்திலிருந்து வீசும் பலத்த காற்று பனியை நாக்கு வடிவத்தில் இறுக்கிச் செதுக்கியிருக்கும்; இருட்டிலும் காலால் தொட்டே திசை சொல்லிவிடலாம். 1990-களில் அங்கே ஜி.பி.எஸ். வந்தது. மூடுபனியில் கடலில் சிக்கிய படகுகளுக்கு அது உயிர் காத்தது. கிளாடியோ அப்போர்டா, எரிக் ஹிக்ஸ் இருவரும் 2005-இல் எழுதிய ஆய்வு மறுபக்கத்தையும் காட்டுகிறது. கருவி நேர்கோடு காட்டும். அந்தக் கோட்டில் பனி எங்கே மெலிந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. கடுங்குளிரில் பேட்டரி செத்துவிடும். அந்தக் கட்டுரையில் என்னை உலுக்கியது வேறு. இனுயிட் வழியறிவு எந்தக் காகிதத்திலும் இல்லை. பெரியவர் ஒருவரோடு ஒரே சறுக்கு வண்டியில் போகும்போது, அவர் இடங்களின் பெயர் சொல்லச் சொல்ல, இளையவர் கேட்டுக்கொண்டே கற்பது அது. கருவி வந்தபின் அந்தக் கல்விக்கான தேவை குறைந்தது. வழியோடு சேர்ந்து ஓர் உறவும் தளர்ந்தது.

நம் கதையும் இங்கேதான் இருக்கிறது. நாம் வழி கேட்டுப் போனவர்கள். டீக்கடை முன் வண்டியை நிறுத்தி, "அண்ணே, மேலக்கோட்டைக்கு எப்படிப் போகணும்?" என்றால், அவர் முதலில் நம்மைப் பார்ப்பார். ஊருக்குப் புதுசா, ஓரளவு தெரிந்தவரா என்று கணித்துக்கொண்டு, இரண்டு பேருக்கும் தெரிந்த ஓர் இடத்திலிருந்து தொடங்குவார். "டாக்கீஸ் இருந்துச்சுல்ல, அந்த எடத்துல திரும்புங்க" என்பார். டாக்கீஸ் இடிந்து இருபது ஆண்டு ஆகியிருக்கும். எந்த வரைபடத்திலும் அது இல்லை. அவர் மனத்தில் இருக்கிறது, இப்போது நம் மனத்திலும் ஏறிக்கொண்டது. அரை நிமிடத்தில் தன் தலைக்குள் இருக்கும் ஊரை இன்னொருவர் தலைக்குள் இறக்கிவைக்கும் வேலை இது. சிலர் "நானும் அந்தப் பக்கந்தான், வாங்க" என்று கூடவே வந்துவிடுவார்கள்.

இந்தச் செயலுக்குத் தமிழர் ஓர் இலக்கிய வகையையே கொடுத்தார்கள். பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர் ஒருவர், எதிரே வறுமையோடு வரும் கலைஞரை நிறுத்தி, யாரிடம் போக வேண்டும், எந்த வழியாகப் போக வேண்டும், வழியில் யார் என்ன சோறு தருவார்கள் என்று சொல்லி அனுப்புவது ஆற்றுப்படை. ஆறு என்றால் வழி. பத்துப்பாட்டின் பத்தில் பாதி ஆற்றுப்படை நூல்கள். மனம் கலங்கியவருக்கு ஆலோசனை சொல்வதையும் 'ஆற்றுப்படுத்துதல்' என்றே இன்றும் சொல்கிறோம்.

கோஸ்தாடின் குஷ்லெவ், ஜேசன் ப்ரூல்க்ஸ், எலிசபெத் டன் மூவரும் 2017-இல் வெளியிட்ட ஒரு சோதனை இந்த இடத்தைத் தொடுகிறது. அறிமுகம் இல்லாத ஒரு கட்டடத்தைக் கண்டுபிடித்து வரச் சொன்னார்கள். சிலருக்குப் போன் உண்டு, சிலருக்கு இல்லை. போன் வைத்திருந்தவர்களுக்கு வேலை எளிதாக முடிந்தது. ஆனால் மற்ற மனிதர்களோடு ஒட்டுறவு இருப்பதாக அவர்கள் உணர்ந்தது குறைவு. ஒரு கட்டடம், ஒரு கேள்வி, அவ்வளவுதான் வித்தியாசம். சிகாகோவில் நிகோலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ரயிலில் பக்கத்து இருக்கைக்காரரோடு பேசிக்கொண்டு போனவர்களின் பயணம், சும்மா இருந்தவர்களின் பயணத்தைவிட இனிமையாக இருந்தது. பேசினால் சங்கடமாக இருக்கும் என்றுதான் பயணிகள் முன்கூட்டி நினைத்திருந்தார்கள். அந்தத் தவறான கணிப்பு போன் தந்ததல்ல, நம்முடையது. போன் அதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பை எடுத்துவிட்டது.

எல்லாருக்கும் வழி கேட்பது சுகமாக இருந்ததில்லை என்பதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. "யார் வீட்டுக்கு? எந்தத் தெரு?" என்ற கேள்வி நம் ஊர்களில் பல நேரம் சாதியைத் தெரிந்துகொள்ளக் கேட்கப்பட்டது. இரவில் தனியே இறங்கிய பெண்ணுக்கு, தெருமுனையில் நிற்கும் ஆண்களிடம் கேட்பதைவிடப் போனைக் கேட்பது ஆயிரம் மடங்கு மேல். பார்வையற்ற ஒருவர் காதில் ஒலிக்கும் குரலைத் துணைகொண்டு தனியாகப் பஸ் நிறுத்தம் வரை நடக்கிறார். அவர்களுக்கு அந்த நீலப் புள்ளி தந்தது விடுதலை. அதை யாரும் திரும்பக் கேட்கக் கூடாது.

நான் கேட்பது சிறியது. இந்த முறை சொந்த ஊருக்கோ கல்யாணத்துக்கோ காரில் போகும்போது, பின்னிருக்கையில் அப்பாவோ அத்தையோ பெரியப்பாவோ உட்கார்ந்திருப்பார்கள். முன்பெல்லாம் "அந்தப் பாலம் தாண்டினதும் மேக்கால திருப்பு" என்று சொல்லி வந்தவர்கள். போன் பேசத் தொடங்கியபின் வாயை மூடிக்கொண்டவர்கள். போனை அணைக்க வேண்டாம். அதன் ஒலியை மட்டும் நிறுத்திவிட்டு அவர்களிடம் வழி கேளுங்கள். இரண்டு இடத்தில் தவறாகத் திருப்பச் சொன்னாலும் சொல்லட்டும். வற்றிப்போன கண்மாயின் பெயரும், இடிந்த டாக்கீஸின் பெயரும், கிழக்கு எது என்பதும் அவர்களிடம்தான் இருக்கின்றன. பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அதைக் கேட்கட்டும்.